மூலம் என்று ஒதுக்கப்படும் குடல் நோய்

ஆசிரியருக்கு,

குடல் அழற்சி நோய்களை ஆராயும் மருத்துவர் ஒருவரின் பணி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, நோயின் காரணங்களை விளக்கிய அளவுக்கு அதைக் கண்டறிவதில் நேரும் தாமதத்தைப் பேசவில்லை. இந்நோய்களுள் ஒன்றான, 1932-இல் குரோன் முதலான மருத்துவர்கள் விவரித்த குரோன் நோய் குடல் காசநோயைப் போலவே தோற்றம் காட்டுவதால், நம் நாட்டில் மருத்துவர்களே தடுமாறுவதுண்டு. மற்றொன்றான பெருங்குடல் புண் அழற்சியோ, மலத்தில் இரத்தம் கண்டதுமே மூலம் என்று வீட்டிலேயே முடிவு கட்டப்படுகிறது. தக்கலையில் என் உறவினர் பெண் ஒருவர் துத்தி இலையும் கருணைக்கிழங்கு லேகியமுமாக (அக்கம்பக்கத்தாரின் பரிந்துரைக்குக் குறைவே இல்லை) காலத்தைக் கடத்தி, உடல் மெலிந்து, இரத்தசோகை முற்றிய பின்னரே திருவனந்தபுரத்தில் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டார். உண்மையான நோய் அப்போதுதான் தெரிந்தது.

இரத்தப்போக்கு உள்ளவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்கள் தாமதமின்றி இப்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வயிற்றுப்போக்கு மட்டும் வாரக்கணக்கில் நீடிப்பவர்களுக்கு, குடலில் அழற்சி இருக்கக்கூடுமா என்பதை மலத்தில் உள்ள கால்புரோடெக்டின் புரதத்தின் அளவே உணர்த்திவிடும் என்பதால், அச்சோதனையை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்ய மாவட்ட நிர்வாகம் வழிசெய்யலாம்.

வாசகர், தக்கலை