ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் இன்னும் ரூ.1,64,500 வேண்டும்

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, கோவையிலும் திருப்பூரிலும் கடல் கடந்தும் இருக்கும் நம் ஊர்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். காவேரித் தாயும் கொடுமுடி மகுடேசுவரரும் எல்லோர் வீட்டையும் காக்கட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஆற்றில் வெள்ளம் வந்தால் ஊரே ஏறி நிற்கும் இடமாக நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை ஆக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மக்கள் பங்கை ஆனி மாதக் கடைசிக்குள் கட்டியாக வேண்டும். பணம் குறைகிறது.

அந்தப் பள்ளி ஏன் அந்த மேட்டில் இருக்கிறது என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1924இல் காவேரியில் பெரிய வெள்ளம் வந்தது. அப்போது மேட்டூர் அணை இல்லை, அது 1934இல்தான் கட்டி முடிந்தது. வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலிருந்த வீடுகள் கரைந்து போக, பிள்ளைகளையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு நம் அப்பாருகளும் ஆத்தாக்களும் ஏறி நின்றது அந்த மேட்டில்தான். பிற்பாடு பள்ளிக்கு இடம் கேட்டபோது ஒரு குடும்பம் அந்த 60 சென்ட்டை அப்படியே எழுதிக் கொடுத்தது. 'பள்ளத்தில் பள்ளிக்கூடம் கட்டாதீங்க' என்று மட்டும்தான் அந்தப் பெரியவர் சொன்னாராம். இது காளிங்கராயன் வாய்க்கால் பாயும் மண். வாய்க்காலை வெட்டி முடித்த பிறகு, தன் குடும்பத்துக்காக வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஊரையே விட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குப் போனவர் அந்தக் காளிங்கராயன் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தண்ணீரில்தான் மஞ்சளும் கரும்பும் விளைகிறது. அப்படிப்பட்ட கைகள் கொடுத்ததை வாங்கித்தான் நாம் வளர்ந்திருக்கிறோம்.

அணைதான் இருக்கிறதே, இனி என்ன பயம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டால், வருகிற தண்ணீரை ஆற்றில் விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பவானிசாகரும் அதே சமயம் நிரம்பினால் பவானி கூடுதுறையில் இரண்டு ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து நம் கரைக்கு வரும். 2018, 2022, 2024 என்று மூன்று முறை பார்த்துவிட்டோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். நமக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்தான். அதில் என்ன செய்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

2022இல் என்ன செய்தோம்? ஆடிப் பதினெட்டை ஒட்டிய ராத்திரி. பள்ளிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. மாட்டை விட்டு வர மாட்டேன் என்று ஒரு ஆத்தா கட்டுத்தறியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஆற்றோரம் குடியிருந்த வடநாட்டுத் தொழிலாளர்களுக்குத் தண்டோரா போட்டது என்னவென்றே புரியவில்லை. பள்ளியில் ஒரே ஒரு கழிப்பறை. பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தார்கள். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, தவறு நம் எல்லோருடையதும்தான்.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகளிடமிருந்து ஆரம்பித்தோம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஊர் வரைபடம் போட்டார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், கர்ப்பிணி, இன்சுலின் போடுபவர், எத்தனை மாடு என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒடிசாக்காரப் பிள்ளைகள் தங்கள் வீட்டாருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து, மூடியிட்ட காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு மிதப்பது வரை செய்து காட்டினார்கள். வெள்ளம் வடிந்தால் பாம்பு வரும் என்பதால் அந்தப் பாடமும் உண்டு. போன ஐப்பசியில் மஞ்சக்காட்டில் ஒருவரைப் பாம்பு கடித்தபோது, பிளேடு எடுத்தவர்களைத் தடுத்து, இறுக்கிக் கட்டவும் விடாமல், காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழைத்தது அவருடைய எட்டாம் வகுப்புப் பேரன். அவர் இன்று வாய்க்கால் மேட்டில் நடந்து போகிறார். இதைவிடப் பெரிய சாட்சி எங்களிடம் இல்லை.

ஆபத்து ஆற்றில் மட்டும் இல்லை. 2004இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். 2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுவர் விழுந்து 17 பேர் போனார்கள். வெள்ளத்துக்கு மட்டுமல்லாமல் இதற்கும் சேர்த்துத்தான் தீயணைப்பானும் ஸ்ட்ரெச்சரும் வாங்குகிறோம்.

சரி, கணக்கு. கூடம், நான்கு கழிப்பறை, சாய்தளம், தண்ணீர்த் தொட்டி சேர்த்து மதிப்பீடு ரூ.9,00,000. அரசோடு மக்களும் பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ரூ.3,00,000 நாம் கட்ட வேண்டும். சாமான்கள் தனி: ஜெனரேட்டர் ரூ.68,000, லைஃப் ஜாக்கெட் 12க்கு ரூ.18,000, தீயணைப்பான் 6க்கு ரூ.15,000, ஸ்ட்ரெச்சரும் முதலுதவிப் பெட்டிகளும் ரூ.14,500, சைரனும் மெகாபோனும் ரூ.11,500, கயிறும் லாரி ட்யூப்பும் ரூ.9,000. மொத்தம் ரூ.4,36,000. வந்தது ரூ.2,71,500.

வந்த பணத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கை கூப்புகிறோம். முதல் ரூ.50,000 கொடுத்த தறிப்பட்டறைக்காரர் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள் ஆளுக்கு ரூ.100 முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்கள். ஒரு மூட்டை மஞ்சள் விற்ற பணத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தார் ஒரு அம்மிச்சி. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் பையன்கள் ஒரு வாரக் கூலியைச் சேர்த்து அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துத் தந்தது ரூ.4,312. எண்ணும்போது பலருக்குக் கண் கலங்கியது.

போன வருடம் மாரியம்மன் நோம்பியில் ஒரே ராத்திரி வாணவேடிக்கைக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் ரூ.2,80,000 ஆனது. அம்மனுக்குச் செய்ததைக் கணக்குப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் அந்த அம்மனுக்குத் தீர்த்தம் எடுப்பதும் இதே ஆற்றில்தானே? கூட்டத்தில் எழுந்து தொகை சொன்னவர்களில் சிலர் இன்னும் தரவில்லை. பெயரைப் படிக்க வேண்டாம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. அவர்களாகவே வருவார்கள் என்று நம்புகிறோம்.

தலைக்கட்டுக்கு ரூ.1,000 என்று வைத்திருக்கிறோம். முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், ஒரு நாள் சித்தாள் வேலைக்கு வந்தாலும் அதுவும் நன்கொடைதான். வசதி உள்ளவர்கள் ஆயிரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் பள்ளித் திண்ணையில் குழுவினர் இருப்போம். ரசீது வாங்காமல் யாரும் பணம் தர வேண்டாம். வரவு செலவு கோயில் சுவரில் மாதாமாதம் ஒட்டப்படும். வெளியூர்ச் சொந்தங்கள் வீட்டில் இருப்பவர்கள் மூலம் கொடுத்தனுப்பலாம்.

சாவி இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது. எந்தெந்த வீடு என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள், சொல்லும்.

இங்ஙனம்,
ஊர்ப் பொதுமக்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும்