பட்டனை முந்தி விடாதே

அன்பு மகளுக்கு,

ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென்று நாளுக்கு ஐந்தாறு நிமிடம் முந்துகிறது என்று எழுதியிருந்தாய். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச் கீழே விழாமலே இப்படி முந்தினால், முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான். உள்ளே முடிபோல மெல்லிய ஹேர்ஸ்பிரிங் என்ற சுருள் இருக்கிறது. காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சுருள் குட்டையான சுருள் மாதிரி. அதோடு சேர்ந்து ஆடும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும், மணி முந்தும்.

'காந்தம் தாங்கும்' என்று பின்மூடியில் எழுதியிருப்பதை ரொம்ப நம்பாதே. வாட்ச் காந்தம் தாங்குவதற்கான ஐஎஸ்ஓ 764 என்ற சர்வதேசத் தரம் கேட்பது மீட்டருக்கு 4800 ஆம்பியர், அதாவது காந்தப்புல அளவில் ஏறக்குறைய 60 காஸ் (gauss). டேப்லெட் உறையிலும் கைப்பைக் கொக்கியிலும் இருக்கும் சின்னக் காந்தம், ஒட்டினாற்போல் வைத்தால் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். சில அங்குலம் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் ஆபத்தில்லை.

காந்தத்தை இறக்கும் கருவியை எடுப்பதற்கு முன், காந்தம் ஏறியிருக்கிறதா என்று சோதித்துப் பார். போன் ஆப் வேண்டாம், போனுக்குள்ளேயே ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறது. சின்னத் திசைகாட்டியை வாட்ச் மேல் மெல்ல நகர்த்து. காந்தம் ஏறாத சாதா இரும்பு, திசைகாட்டி முள்ளின் இரு முனைகளையும் இழுக்க மட்டுமே செய்யும். ஓரிடத்தில் இழுத்து இன்னோரிடத்தில் அதே முனையைத் தள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. ஓடும் வாட்ச் மேல் முள் படபடவென்று நடுங்கினாலும் அதே அர்த்தம்தான்.

இப்போது காந்தத்தை இறக்கும் அந்தக் கருவி, டிமேக்னடைசர். மின்சாரத்தில் ஓடும், பட்டன் வைத்த பெட்டி. உலோகச் சங்கிலியைக் கழற்றிவிடு, முடியாவிட்டால் கொக்கியையாவது திறந்து வை; மூடிய வளையத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடாகும். வாட்சைப் பெட்டியின் மேல் வை. பட்டனை அழுத்து. அழுத்திய விரலை எடுக்காமல், மற்றக் கையால் வாட்சை நிதானமாக மேலே தூக்கு, இரண்டு மூன்று விநாடியில் ஒரு கை நீளம் வரை. அதற்குப் பிறகுதான் பட்டனை விடவேண்டும். அடுத்து வாட்சைக் குத்தாக நிறுத்தி ஒருமுறை, பக்கம் திருப்பி ஒருமுறை.

எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 அல்லது 120 முறை திசை மாறும். காந்தப்புலமும் கூடவே மாறி, வாட்ச் தள்ளிப்போகப் போக இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வாட்ச் பக்கத்தில் இருக்கும்போதே விரலை எடுத்தால் அந்தக் கணத்துப் புலம் அப்படியே பதிந்துவிடும், சில நேரம் முன்பைவிட மோசமாக. அப்படி ஆனாலும் பதறாதே, முதலிலிருந்து சரியாகச் செய்தால் போய்விடும். ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதே. பெட்டிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கொதித்துவிடும், ஆறவிட்டுச் செய்.

செல் போட்ட குவார்ட்ஸ் வாட்சை இதில் வைக்கவே வைக்காதே. அதன் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரே நிலைக்காந்தம், அதைக் கெடுத்துவிடக்கூடும். காந்தத்தின் பக்கத்தில் குவார்ட்ஸ் நின்றால் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் ஓட ஆரம்பிக்கும்; மணியை மட்டும் திருத்திக்கொள்.

ட்வீசர், ஸ்க்ரூடிரைவர் முனையில் குட்டித் திருகு ஒட்டிக்கொண்டு விழ மறுத்தால் அவற்றுக்கும் இதே வைத்தியம். படிக்கட்டு மாதிரி வெட்டிய சின்னக் காந்தக் கட்டை ஸ்க்ரூடிரைவருக்குப் போதும், ஆனால் வாட்சை அதன் பக்கமே கொண்டுபோகாதே. அது நிலைக்காந்தம். முதலில் ட்வீசரில் காந்தத்தை இறக்கு. இல்லாவிட்டால் தொடும் சின்னப் பாகங்களுக்கெல்லாம் அது காந்தம் ஏற்றும். பித்தளை ட்வீசருக்கு இந்தக் கவலையே இல்லை.

பேஸ்மேக்கர் வைத்தவர் அறையில் இருந்தால் பெட்டியை எடுக்காதே. காந்தப் பட்டை உள்ள கார்டுகளையும் தள்ளி வை.

மூன்று முறை செய்தபின் திசைகாட்டி முள் அமைதியாக இருக்கிறது, வாட்ச் மட்டும் முந்துகிறது என்றால், சுருளில் எண்ணெய் பட்டுச் சுற்றுகள் ஒட்டியிருக்கலாம், அல்லது ஒரு சுற்று எங்காவது மாட்டியிருக்கலாம். மூடியைத் திறக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடு; காந்தம் பார்த்தாயிற்று என்று சொல்லிக் கொடு.

அன்புடன்,
அப்பா