மேரி லயன் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் அச்சிட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பெண்களின் உயர்கல்விக்கு அமெரிக்காவில் அடித்தளமிட்ட மேரி லயனின் (1797–1849) வாழ்க்கையை 96 பக்க நூலாக அச்சிட்டு, அரசு மகளிர் பள்ளி நூலகங்களுக்கு விலையின்றி வழங்க எங்கள் குழு முடிவு செய்துள்ளது. கையெழுத்துப்படி அணியமாக உள்ளது. அச்சுச் செலவுக்கே தங்கள் உதவியை நாடுகிறோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூரான பக்லண்டில் உழவர் குடும்பத்தில் பிறந்து, ஐந்து வயதில் தந்தையை இழந்த மேரி, பதினேழு வயதில் வாரம் 75 சென்ட் சம்பளத்தில் ஆசிரியையானார். கையில் பணம் சேர்ந்தால் படிப்பது, தீர்ந்தால் மீண்டும் கற்பிக்கப் போவது என்றே அவருடைய இளமை கழிந்தது. வசதி குறைந்த வீட்டுப் பெண்களும் சேரக்கூடிய, தனியொருவர் உடைமையாக இல்லாமல் பொதுமக்கள் பணத்தில் நிலைத்து நிற்கக்கூடிய கல்வி நிலையம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதில்தான் வேரூன்றியிருக்கும் என்று கருதுகிறோம். 1834இல் இப்ஸ்விச் நகரப் பெண்களிடம் ஏறத்தாழ 1,000 டாலர் திரட்டியவர், பிறகு பச்சை வெல்வெட் பையுடன் ஊர் ஊராகச் சென்றார். பெண்ணொருத்தி இப்படிப் பணம் கேட்டு அலைவது முறையன்று என்ற பேச்சு எழுந்தும் அவர் நிறுத்தவில்லை. சுமார் 90 ஊர்களில் 1,800 பேருக்கு மேல் தந்த 27,000 டாலரில், ஆறு சென்ட் கொடுத்தவர்களின் பங்கும் உண்டு.

1837 நவம்பர் 8 அன்று, நாடே பொருளாதார நெருக்கடியில் தவித்த வேளையில், அதே மாநிலத்துச் சவுத் ஹாட்லியில் மவுண்ட் ஹோலியோக் என்ற அந்தப் பெண்கள் கல்வி நிலையம் திறக்கப்பட்டது. மாணவியரே சமைத்துத் துவைத்துக் கூட்டியதால் ஆண்டுக் கட்டணம் 60 டாலரில் நின்றது. படிக்க வந்தவர்களுக்கு மறுபடியும் அடுப்படியா என்ற கேள்வியை எங்கள் நூல் மழுப்பவில்லை. அதே மாணவியருக்கு அறிவியலும் கணிதமும் கட்டாயப் பாடங்களாக இருந்ததையும், மேரியே வேதியியல் கற்பித்ததையும் சேர்த்தே சொல்கிறது. இறக்கும்வரை அவரே அதன் தலைவராக இருந்தார். பின்னாளில் கல்லூரியான அந்நிறுவனம் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியின் சகோதரக் கல்லூரியாகவும் ஆனது.

முதற்பதிப்பாக 1,000 படிகள் அச்சிட உள்ளோம். ஒரு படிக்கு 80 ரூபாய் செலவாகும். ஒரு படிக்குரிய தொகையைத் தருவதும் எங்களுக்குப் பேருதவியே. நன்கொடையாளர் பெயர்கள் தொகை குறிப்பிடப்படாமல் அகர வரிசையில் நூலின் இறுதியில் இடம்பெறும். விரும்பாதோர் முன்னரே தெரிவிக்கலாம். ஒவ்வொரு தொகைக்கும் பொருளாளர் பற்றுச்சீட்டு அளிப்பார். அச்சு முடிந்ததும் வரவு செலவுக் கணக்கை அனைவருக்கும் அனுப்புவோம். மிஞ்சும் தொகை பள்ளிகளுக்கு நூலை அனுப்பும் அஞ்சல் செலவுக்கு மட்டுமே பயன்படும்.

இங்ஙனம்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்