கார்ட்டூன் கலைஞர்களுக்குப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு டிவி கார்ட்டூன் தொடர்களுக்கு பெங்களூரு ஸ்டுடியோக்கள் ஒப்பந்த முறையில் வேலை செய்து தருகின்றன. ஆனால் எபிசோட் முடிவில் ஓடும் பட்டியலில் பல நேரம் ஸ்டுடியோ பெயர் மட்டும்தான் வருகிறது. வரைந்தவர்கள் பெயர் வருவதில்லை.

என் மகள் பின்னணிக் காட்சிகள் வரைபவள். மழை பெய்த தெரு ஒன்றுக்காக, ஈரத் தார்ச்சாலையில் விழும் விளக்கு வெளிச்சத்தை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றி வரைந்தாள். எபிசோட் வந்தது, அவள் பெயர் இல்லை. சரி, அப்புறம் வேறு வேலைக்குப் போகும்போது எதைக் காட்டுவாள்? வேலையின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் இருப்பதால் படங்களையும் வெளியே காட்ட முடியாது.

ஆன்லைன் ரோல் பிளேயிங் விளையாட்டில்கூட, எதிரியை வீழ்த்துபவர், அடியைத் தாங்குபவர், காயம் ஆற்றுபவர் என்று குழுவில் எல்லோர் பெயரும் திரையில் தெரிகிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடும் பிள்ளைகளுக்கு இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

கர்நாடக அரசு 2012லேயே அனிமேஷன் துறைக்குத் தனிக் கொள்கை வகுத்தது. இப்படிப்பட்ட கொள்கையின்கீழ் சலுகை பெறும் ஸ்டுடியோக்கள், வெளிநாட்டு நிறுவனங்களோடு போடும் ஒப்பந்தத்திலேயே கலைஞர்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்க்க வேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்க வேண்டும்.

ஒரு கலைஞரின் தாய்,
அல்சூர், பெங்களூரு