பொடி போகும் வழி

அன்பு மகளுக்கு,

மும்பையிலிருந்து அம்மா எழுதுகிறேன். கோயம்புத்தூரில் நீ அரைக்கிற கறிவேப்பிலைப் பொடியை மும்பையில் எடுத்த எடுப்பிலேயே பத்து நிமிட டெலிவரி ஆப்களில் ஏற்ற வேண்டும் என்கிறாய். ஆசை தப்பில்லை. ஆனால் முதலில் நம் ஆட்கள் அதிகம் இருக்கிற மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் கடைகளுக்குக் கொடு என்பேன்.

கம்பெனிச் சரக்கை வாங்கிக் கடைகளுக்குப் போடுகிற அப்பாவின் ஏஜென்சிக்கு இத்தனை வருடம் பில் எழுதியவள் நான். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகத் தள்ளுபடி ஸ்கீம் போட்டுச் சரக்கைத் தள்ளிவிட்டு, விற்றாயிற்று என்று கம்பெனிக்காரர்கள் கணக்கு எழுதுவார்கள். சரக்கு எங்கள் குடோனில் கிடக்கும். கடைக்காரர் தானாகப் போன் செய்து, "மாமி, இன்னொரு டஜன் அனுப்புங்க" என்று கேட்டால்தான் அது எனக்கு விற்பனை. மாட்டுங்காவில் வாழையிலையும் அப்பளமும் வாங்க வருகிறவர்களுக்குக் கறிவேப்பிலைப் பொடியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். பிடித்ததா இல்லையா என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். ஆப்பில் தேடுகிறவருக்கோ உன் பெயரே தெரியாது. மேலே தெரிய வேண்டுமானால் விளம்பரத்துக்குத் தனியாக அழ வேண்டும்.

அப்புறம் நாள் கணக்கு. உன் பொடிக்கு ஆயுள் நான்கு மாதம். ஆன்லைனில் விற்கும் உணவுப் பொருளுக்கு, வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மீதி இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ ஆன்லைன் நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் கடைசி ஒன்றரை மாதம் உனக்கு இல்லை என்றே வைத்துக்கொள். மீதி நாளுக்குள் லாரி, அவர்கள் குடோன், ஆப் ஆர்டர்களுக்கு மட்டும் சரக்கு வைக்கிற டார்க் ஸ்டோர் எல்லாம் கடந்தாக வேண்டும். விற்காதது ரிட்டர்னாக உன் தலையில் விழும்.

100 ரூபாய் எம்ஆர்பியில் கடைக்கு 15, சரக்கை வாங்கிக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஸ்டாக்கிஸ்டுக்கு 8 என்று வைத்தால் உன் கைக்கு 77. ஜிஎஸ்டி, லாரி வாடகை, எக்ஸ்பைரி எல்லாம் அதற்குள்தான். பெரிய சூப்பர் மார்க்கெட் இன்னும் அதிக மார்ஜின் கேட்கும், பணத்தையும் இழுத்தடிக்கும். ஒரு பெரிய கடை எங்கள் பில்லை மாதக் கணக்கில் நிறுத்திவைத்தபோது நாங்கள் பட்ட பாடு உனக்கு வேண்டாம். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இப்போதே முடித்துவிடு. சிறுதொழில்களுக்கான 2006 சட்டப்படி, உன்னைப் போலத் தயாரிக்கிறவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் வட்டி. எங்களைப் போல வாங்கி விற்கிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஸ்டாக்கிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய டெம்போவைப் போய்ப் பார். சோப்பும் ஊதுபத்தியும் ஏற்றுகிறவர் வேண்டாம், பொடியில் அந்த வாசனை ஏறிவிடும். காபித்தூளும் அப்பளமும் போடுகிறவர் நல்லது. அவர் போகிற கடைகள்தான் உனக்கும் வேண்டியவை. ஜூனில் இங்கே மழை பிடித்தால் அட்டைப்பெட்டியின் மூலை நமுத்து, பொடி கட்டிகட்டியாகிவிடும். அந்தப் பாக்கெட்டைக் கடைக்காரர் கீழ்த்தட்டில் தள்ளிவிடுவார். ஆகவே மெல்லிய கவர் வேண்டாம், அதில் மிச்சம் பிடிக்காதே.

ஏப்ரலுக்குள் இரண்டு பெட்டி அனுப்பு. செம்பூர்க் கடைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா