விடை ஒன்றே, வடிவம்தான் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நேர்க்கோட்டுச் சமன்பாடுகள் குறித்த மாதிரி வினாக்கள் அண்மையில் வெளியாகியிருந்தன. (4, −3), (8, 0) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சமன்பாட்டைக் கேட்ட வினாவுக்கு, 3எக்ஸ் − 4ஒய் − 24 = 0 என்ற பொது வடிவம் மட்டுமே விடையாகத் தரப்பட்டிருந்தது. என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி சாய்வு (ஒய் மாற்றத்தை எக்ஸ் மாற்றத்தால் வகுத்தது) 3/4 எனச் சரியாகக் கண்டு, முதல் புள்ளியைக் கொண்டு ஒய் + 3 = (3/4)(எக்ஸ் − 4) என்று எழுதியிருந்தாள்; அச்சிலிருந்த விடையோடு அது ஒத்துப்போகவில்லை என்பதால் தானே அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட்டாள். இருபுறமும் 4ஆல் பெருக்கி, உறுப்புகளை ஒரே பக்கம் கொண்டுவந்திருந்தால் அச்சிட்ட விடையே கிடைத்திருக்கும்.

பொது வடிவத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் முழுத் தீர்வன்று; 6எக்ஸ் − 8ஒய் − 48 = 0 என்பதும் அதே கோடுதான். ஆகவே இரு விடைகளையும், சாய்வையும் கோடு ஒய் அச்சை வெட்டும் இடத்தையும் (ஒய் வெட்டுத்துண்டு) நேரடியாகக் காட்டும் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கும்படி நான் சொல்வது வழக்கம். அந்த வடிவம் ஒரு கோட்டுக்கு ஒன்றுதான் உண்டு; இங்கே அது ஒய் = (3/4)எக்ஸ் − 6. பொது வடிவத்திலிருந்து இதற்கு மாற்ற −4ஆல் வகுக்கும்போது குறியைக் கோட்டைவிட்டுச் சாய்வை −3/4 என்று எழுதுவது என் வகுப்பில் அன்றாடக் காட்சி. இரு அச்சுகளையும் கோடு வெட்டும் இடங்களைக் காட்டும் வெட்டுத்துண்டு வடிவத்தில் எக்ஸ்/8 − ஒய்/6 = 1 என்று வரும்போதும் இதே தொல்லை: ஒய் வெட்டுத்துண்டு −6 என்பது தெரிய, அதை எக்ஸ்/8 + ஒய்/(−6) = 1 என்று எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

எல்லாக் கோடுகளும் எல்லா வடிவங்களுக்கும் இணங்குவதில்லை என்பதையும் அப்பக்கம் சொல்லவில்லை. எக்ஸ் = 5 என்ற நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை; ஆதிப்புள்ளி வழியே செல்லும் 3எக்ஸ் − 4ஒய் = 0 என்ற கோட்டை வெட்டுத்துண்டு வடிவில் எழுத முயன்றால் பூச்சியத்தால் வகுக்க நேரும். பொது வடிவமோ இவை அனைத்தையும் ஏற்கும்.

இனி இத்தகைய வினாக்களை வெளியிடும்போது, எந்த வடிவில் விடை வேண்டும் என்பதை வினாவிலேயே குறிப்பிடுமாறும், குறிப்பிடாதபோது சமானமான பிற வடிவங்களும் சரியே என்று விடையின் கீழ் ஒரு வரி சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்