லவுஞ்ச் வேறு, படுக்கை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு விமான நிலையங்களின் ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்சுகளை, அதாவது அந்த வகுப்புப் பயணிகள் காத்திருக்கும் ஓய்வுக்கூடங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் 'இரவு லேஓவர் (அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு) என்றால் ஹோட்டல் தேடி அலைய வேண்டாம், லவுஞ்சிலேயே ராஜா மாதிரி தூங்கி எழலாம்' என்று முடித்திருக்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. எங்களைப் போல டிக்கெட் போடும் மேஜையில் இருப்பவர்களிடம் இதைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். இந்த லவுஞ்சுகளில் பெரும்பாலானவை சாப்பிட, குளிக்க, இரண்டு மூன்று மணி நேரம் காலை நீட்ட என்று கட்டியவை. விடிய விடியத் தங்கக் கட்டியவை வெகு சில.

முதல் சிக்கல் கதவு. ஐரோப்பாவின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இரவு விமானங்களுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. பிராங்பர்ட்டில் இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை அட்டவணை விமானங்கள் கிடையாது. ஓடுபாதைச் சத்தத்தால் தூக்கம் கெட்ட சுற்றுவட்டார மக்கள் நீதிமன்றம் வரை போய் வாங்கிய தடை அது. விமானமே இல்லாதபோது லவுஞ்சை யாருக்காகத் திறந்து வைப்பார்கள்? லுஃப்தான்சா 2004-இல் அங்கே தனிக் கட்டடமாகக் கட்டிய ஃபர்ஸ்ட் கிளாஸ் டெர்மினல் உலகப் புகழ் பெற்றது. உள்ளேயே பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை, குளியல் தொட்டி, தொட்டியோரம் ஒரு ரப்பர் வாத்து, விமானத்தின் காலடி வரை கொண்டுபோய் விடக் கார். எல்லாம் சரி, இரவானால் அதையும் பூட்டிவிடுவார்கள். போதாததற்கு, அந்தக் கட்டடம், விமானம் மாறுபவர்கள் நாட்டுக்குள் நுழையாமல் காத்திருக்கும் டிரான்சிட் பகுதிக்கு வெளியே இருக்கிறது. சென்னையிலிருந்து போய் அமெரிக்க விமானம் மாறும் இந்திய பாஸ்போர்ட்காரர் அங்கே போக ஜெர்மன் எல்லைச் சோதனையைத் தாண்டியாக வேண்டும், அதற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும். கையில் ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் இருந்தும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

லண்டன் ஹீத்ரோ இன்னும் கறார். இரவில் டிரான்சிட் பகுதியில் பயணிகளைத் தங்க விடுவதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் 5-ஆம் டெர்மினலில் உள்ள கான்கார்ட் ரூமில் படுக்கையும் ஷவரும் வைத்த 'கபானா' அறைகள் உண்டு. ஆனால் அவை பகல் நேரத்துக்கு. கடைசி விமானம் கிளம்பியதும் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வர எந்த விசா என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளேயே விமானம் மாற மட்டும் தரும் ஏர்சைட் டிரான்சிட் விசாவில் பிரிட்டன் எல்லையைத் தாண்ட முடியாது. இரவு தங்கல் இருந்தால் அதற்கான வேறு வகை டிரான்சிட் விசாவோ, விசிட்டர் விசாவோ கேட்டு வாங்க வேண்டும். இது லண்டன் போன பிறகு தெரிய வரும் விஷயமும் அல்ல. சென்னை செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஆக, இரவு முழுக்க விழித்திருக்கும் நிலையங்கள் என்று பார்த்தால் நம்மவர்கள் அதிகம் போகும் தோஹா, துபாய், சிங்கப்பூர்தான் முன்னால் நிற்கின்றன. அங்கேயும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு.

தோஹாவின் ஹமத் விமான நிலையத்தில் கத்தார் ஏர்வேஸுக்கு இரண்டு வகை லவுஞ்சுகள். அல் மூர்ஜான் என்பது பிசினஸ் கிளாஸுக்கு; அல் சஃப்வா ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு. கட்டுரையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறீர்கள். கத்தார் விமானங்களில் தனியறை போலக் கதவு வைத்த கியூசூட் இருக்கை எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும் அது பிசினஸ் கிளாஸ்தான். அதில் வருபவருக்கு அல் மூர்ஜான்தான். அங்கே 'அமைதிப் பகுதி' என்பது சாய்வு இருக்கைகள்தான், படுக்கையறை அல்ல. அல் சஃப்வாவில்தான் நிஜமான அறைகள்: கதவு, கட்டில், உள்ளேயே குளியலறை. தோஹாவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தை மனதில் வைத்துக் கட்டிய உயரமான கல் சுவர்களுக்கு நடுவே இருப்பதால் சத்தமும் குறைவு. ஆனால் அறைகள் சொற்பம். வருவதற்கு முன்பே பதிவு செய்ய முடியாது, முந்தியவருக்கே கிடைக்கும். இலவசமாக ஆறு மணி நேரம்தான்.

இந்த ஆறு மணி நேரத்தை எப்போது தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரவு 9 மணிக்கு இறங்கி, காலை 8 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். இறங்கியவுடன் அறைச் சாவியை வாங்கிப் படுத்தால் அதிகாலை 3 மணிக்குக் கதவைத் தட்டி எழுப்புவார்கள். பிறகு ஐந்து மணி நேரம் அரைத் தூக்கத்தில் நாற்காலி நாற்காலியாக மாற வேண்டும். வந்ததும் வரவேற்பு மேஜையில் பெயர் கொடுத்து, அறை எத்தனை மணிக்கு வேண்டும் என்று சொல்லி, அதுவரை சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது. ஆனால் நள்ளிரவு நெருங்க நெருங்கக் கூட்டம் ஏறும். ஐரோப்பாவிலிருந்து பிற்பகலில் கிளம்பியவர்கள் வளைகுடாவில் இறங்குவதும், காலையில் ஆசிய நகரங்களைத் தொடும்படி விமானங்கள் புறப்படுவதும் அந்த நேரத்தில்தான். காத்திருந்தால் அறை போய்விடும் என்று மேஜையில் சொன்னால் யோசிக்காமல் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு எழுப்பினாலும் கிடைத்தது கட்டில்.

துபாயில் கதை வேறு. எமிரேட்ஸின் 'ஏ' கான்கோர்ஸ் (விமானம் ஏறும் கட்டடம்) 2013-இல் ஏ380 என்ற இரண்டடுக்கு விமானங்களுக்கென்றே திறந்தது. அதன் ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்ச் ஒரு தளத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. உணவகம், சுருட்டு அறை, டூட்டி ஃப்ரீ கடை எல்லாம் உள்ளேயே. அங்கிருந்தே நேராக விமானத்துக்குள் போகலாம். இவ்வளவு இருந்தும் தூங்க என்று தருவது பெரும்பாலும் மங்கலான வெளிச்சத்தில் வரிசையாகப் போட்ட சாய்வு இருக்கைகள். முழுக்கத் தட்டையாகாது, கை வைக்கும் கட்டை மடங்காது, புரண்டு படுக்க வழியில்லை. அதிகாலையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து வாக்குவம் கிளீனரோடு வந்துவிடுவார்கள். நான்கு மணி நேரத்துக்கு இது தாங்கும். எட்டு மணி நேரம் என்றால் இடுப்பு சொல்லும்.

துபாயில் இரவு தங்குபவருக்கு லவுஞ்சைவிடப் பெரிய சலுகை ஒன்று இருக்கிறது, அதைக் கட்டுரை தொடவே இல்லை. 'துபாய் கனெக்ட்' என்ற ஏற்பாட்டில் எமிரேட்ஸே ஹோட்டல், சாப்பாடு, கார், தேவைப்பட்டால் விசா வரை தருகிறது. நிபந்தனைகள் உண்டு. இரண்டு விமானமும் எமிரேட்ஸாக ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். குறைந்தபட்சக் காத்திருப்பு நேரம் வகுப்புக்கு வகுப்பு மாறும். அதைவிடச் சீக்கிரமான இணைப்பு விமானம் இருந்தும் நீங்களாகவே பிந்தியதைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிடைக்காது. பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். துபாயில் இறங்கிவிட்டுக் கேட்டால் கையை விரிப்பார்கள். மைல்கள் (அடிக்கடி பறப்பவருக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள்) மிச்சம் பிடிக்க இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் போட்டவர்களுக்கு இதுவும் போச்சு, பையும் சென்னை வரை நேராக வராமல் போகலாம்.

சிங்கப்பூரைப் பற்றி ஒரு வரி போதும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'பிரைவேட் ரூம்' அதன் சூட்ஸ் என்ற தனியறை வகுப்பில் அல்லது ஃபர்ஸ்ட் கிளாஸில் கிளம்புபவருக்கு மட்டும். அது சாப்பாட்டுக்குப் பேர் போன இடம், படுக்கைக்கு அல்ல.

அடுத்தது, யாரை உள்ளே விடுவார்கள் என்ற கேள்வி. சென்னைக்கு வரும் வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலானவற்றில் ஃபர்ஸ்ட் கிளாஸே கிடையாது. அதனால் நம்மூர்ப் பயணி ஒரு துண்டு ஃபர்ஸ்ட், ஒரு துண்டு பிசினஸ் என்றுதான் பறக்கிறார். ஊர் திரும்பும்போது ஃபர்ஸ்டில் வந்து இறங்கி, பிசினஸில் சென்னைக்கு ஏறுகிறார். இடைப்பட்ட இரவில் அவர் எந்த லவுஞ்சுக்கு உரியவர்? கத்தார் ஏர்வேஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்கள் சேர்ந்த ஒன்வேர்ல்ட் கூட்டணியின் பொது விதிப்படி, நீண்ட தூர சர்வதேச விமானத்தில் வந்தவருக்கு அந்த உயர்ந்த வகுப்பின் உரிமை தொடர வேண்டுமானால், அடுத்த விமானம் அதே நாளிலோ மறுநாள் காலை 6 மணிக்கு முன்போ கிளம்ப வேண்டும். காலை 5.50 விமானம் என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்ச், 6.30 விமானம் என்றால் பிசினஸ் லவுஞ்ச். லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் கூட்டணியில் இதே கோடு 5 மணிக்கு. இதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் லவுஞ்சுக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கும். ஆகவே டிக்கெட் போட்ட கையோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலை வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வாய்ச்சொல் எடுபடாது. கிரெடிட் கார்டைக் காட்டி நுழையும் லவுஞ்ச் இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே பொதுவாக இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எல்லாம் கூடி வந்து உள்ளே போய்விட்டீர்கள் என்றால், முதல் வேலை ஷவருக்குப் பெயர் கொடுப்பது. சாப்பிட்ட பிறகு பார்க்கலாம் என்று விட்டால் நள்ளிரவு வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். கம்பளிப் போர்வை கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள். குளிர் எலும்பைக் குடையும். விமானத்தில் தந்த காலுறையைத் தூக்கிப் போடாதீர்கள். தோஹா, துபாய், சிங்கப்பூர், லண்டன் எல்லா இடத்திலும் பிளக் பட்டையான மூன்று முள் வகை. நம் உருண்டை முள் சார்ஜர் அதில் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

இந்த லவுஞ்சுகளில் பொதுவாக விமான அறிவிப்பு ஒலிக்காது. அமைதிக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள், ஆனால் தூங்குபவருக்கு ஆபத்து. மேஜையில் எழுப்பச் சொல்லுங்கள், போனிலும் அலாரம் வையுங்கள். ஏர்பிளேன் மோடிலேயே இருக்கும் போன் இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். தோஹா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரில் இந்திய நேரத்துக்கு அலாரம் வைத்தவர் எழும்போது விமானம் வங்காள விரிகுடா மேல் பறந்துகொண்டிருக்கும். நள்ளிரவு தாண்டிய விமானங்களில் தேதியையும் பாருங்கள். 15-ஆம் தேதி 00.40 என்றால் 14-ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பெற்றோரை ஃபர்ஸ்ட் கிளாஸில் அனுப்பிவைக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது. வீல்சேர் உதவி கேட்டிருந்தால், விமானத்திலிருந்து இறக்கும் ஊழியர் பல நேரம் லவுஞ்சுக்கு அழைத்துப் போவதில்லை. வீல்சேர் பயணிகளுக்கான பொதுக் காத்திருப்பு இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த விமானத்துக்கு ஓடிவிடுவார். அவர் கையில் இருக்கும் பட்டியலில் பெயர், இருக்கை எண், அடுத்த கேட் எல்லாம் இருக்கும், லவுஞ்ச் இருக்காது. மொழி தெரியாத பெரியவர்கள் விடிய விடிய அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், ஐம்பது அடி தள்ளி அவர்களுக்கு உரிய கட்டில் காலியாகக் கிடக்கும். லவுஞ்சின் பெயரையும் அடுத்த விமான எண்ணையும் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி, போர்டிங் பாஸோடு சேர்த்து அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். லவுஞ்சில் விட்டதும், எத்தனை மணிக்குத் திரும்ப வந்து அழைத்துப் போவார்கள் என்பதை வரவேற்பு மேஜை ஊழியரே தன் பதிவில் குறித்துக்கொள்ளும்படி கேட்கச் சொல்லுங்கள். இன்சுலின் இருந்தால் அதே மேஜையில் கொடுத்தால் குளிர்பெட்டியில் வைத்துத் தருவார்கள். கிளம்பும்போது மறக்காமலிருக்க அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது ஒவ்வொரு லவுஞ்சின் படத்துக்குக் கீழும் இரவில் திறந்திருக்குமா, கட்டில் உண்டா, எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயணச்சீட்டு முகவர்கள்,
மண்ணடி, சென்னை.